ராணுவ வண்டிக்குப் பின்னால் போகலாமா?

உள்நாட்டுப் போர் நடக்கும் ஒரு நாட்டில், சர்வதேச நிவாரண அமைப்பு ஒன்றின் கள அலுவலகத்தில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நாடு, அமைப்பு, ஊர் எதையும் இங்கே குறிப்பிடவில்லை. சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 34. கிடங்கிலிருந்து லாரி கிளம்புவது முதல் முகாமில் பொருள் இறங்கும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. சில வாரங்களுக்கு முன்பு அவர்களுடைய வண்டியை வழியில் யாரோ சுட்டார்கள். ஓட்டுநரும் ஊட்டச்சத்துப் பணியாளர் ஒருவரும் இறந்துவிட்டார்கள். இருவரும் உள்ளூர்க்காரர்கள். சுட்டது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தச் சாலை பகலில் ராணுவத்தின் கையிலும் இரவில் ஆயுதக் குழுவின் கையிலும் இருக்கிறது. அன்றிலிருந்து விநியோகம் நின்றுவிட்டது. முகாமில் குழந்தைகளின் எடை குறைந்துகொண்டே வருகிறது.

இப்போது அந்தப் பகுதியின் ராணுவத் தளபதி, லாரிகளுக்கு முன்னும் பின்னும் கவச வண்டி அனுப்புவதாகச் சொல்கிறார். பதிலுக்கு மூன்று விஷயம் கேட்கிறார்: பயனாளிகள் பட்டியலின் ஒரு பிரதி, விநியோகத்தின்போது வீரர்கள் கூடவே நின்று படம் எடுத்துக்கொள்ள அனுமதி, திரும்பும் வழியில் சீருடை அணியாத இரண்டு பேருக்கு நிவாரண வண்டியில் இடம். "ஒத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நன்கொடையாளர் திட்டத்தை மூடிவிடுவார்" என்கிறது தலைமை அலுவலகம். ஓட்டுநர்கள் வர மறுக்கிறார்கள். வாசகியின் அப்பா ஓய்வுபெற்ற ராணுவ வீரர். "வெள்ளத்திலும் பூகம்பத்திலும் ஜனங்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். எங்களைக் கண்டு ஏன் ஒதுங்குகிறீர்கள்?" என்று அவர் கேட்கிறாராம்.

வாசகி கேட்பது இவைதான். ராணுவக் காவலை ஏற்பது சட்டப்படி குற்றமா? ஏற்றால் எங்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு போய்விடுமா? இரண்டு தரப்புக்கும் எங்கள் ஜிபிஎஸ் புள்ளிகளைக் கொடுத்திருக்கிறோமே, அது போதாதா? நான் மறுத்தால் வேலை போகுமா?

அன்புச் சகோதரிக்கு,

இறந்துபோன இரண்டு பேரைப் பற்றிக் கடிதத்தில் இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். மீதியெல்லாம் லாரி, சாலை, முகாம், குழந்தைகள். அழுவதற்குக்கூட நேரமில்லாமல் வேலை பார்க்கிறீர்கள் என்று புரிகிறது. உங்களுக்கும் உங்கள் குழுவுக்கும் என் ஆழ்ந்த இரங்கல்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தளபதியின் மூன்று நிபந்தனைகளோடு வரும் இந்தக் காவலை ஏற்காதீர்கள். நிபந்தனைகளை அவர் கைவிட்டாலும், வேறு வழிகளையெல்லாம் முயன்று பார்த்த பிறகு, ஓட்டுநர்கள் மனமொப்பி வருகிறார்கள் என்றால், அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் யோசிக்கலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். நான் சட்டம் படித்தவன் என்பதால் சட்டம் கொஞ்சம் அதிகமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா சொல்வதில் இருக்கும் உண்மை

அவரோடு சண்டை போடாதீர்கள். அவர் சொல்வது அவர் பார்த்த உலகத்துக்குச் சரி. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே கடற்கரையில் சாலைகளும் பாலங்களும் அடித்துக்கொண்டு போயிருந்தபோது, பல கிராமங்களுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவை ராணுவ ஹெலிகாப்டர்கள்தான். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, ராணுவங்களிடமிருந்து எப்போதும் தள்ளியே நிற்கும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் தலைவரே ஐநாவில் நின்று, உயிரியல் ஆபத்துகளைக் கையாளத் தெரிந்த ராணுவப் பிரிவுகளை அனுப்புங்கள் என்று நாடுகளிடம் கேட்டார். ஹெலிகாப்டர், பொறியாளர் படை, தற்காலிகப் பாலம், கள மருத்துவமனை என்று ராணுவத்திடம் இருப்பதை அவ்வளவு வேகமாக வேறு யாராலும் கொண்டுவர முடியாத நேரங்கள் உண்டு.

ஆனால் அப்போதும்கூட ஒரு வரம்பு இருக்கிறது. 1994இல் உருவாகி 2007இல் திருத்தப்பட்ட ஓஸ்லோ வழிகாட்டு நெறிகள், இயற்கைப் பேரிடரில் வெளிநாட்டு ராணுவத்தின் உதவியை எப்போது கேட்கலாம் என்று சொல்கின்றன: அதே வேலையைச் செய்யச் சிவிலியன் ஏற்பாடு இல்லாதபோது, கடைசி வழியாக. 2010இல் ஹைத்தி பூகம்பத்தின்போது விமான நிலையத்தை அமெரிக்க ராணுவம் நடத்தியது. அதனால்தான் நூற்றுக்கணக்கான விமானங்கள் இறங்க முடிந்தது. ஆனால் எதை முதலில் இறக்குவது என்று அங்கே முடிவானபோது, மருத்துவப் பொருள் ஏற்றிவந்த நிவாரண விமானங்கள் சில இறங்க இடம் கிடைக்காமல் பக்கத்து நாட்டுக்குத் திருப்பப்பட்டன.

போருக்கு வந்தால் கணக்கே வேறு. வெள்ளத்துக்கு எதிரி கிடையாது. யார் படகு வந்தாலும் அதற்கு ஒன்றுதான். உங்கள் சாலையில் அப்படியில்லை. அந்தத் தளபதி நல்லவராகவே இருக்கலாம், குழந்தைகள் மேல் உண்மையிலேயே அக்கறை உள்ளவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் சண்டையில் ஒரு தரப்பு. அவருடைய கவச வண்டிக்குப் பின்னால் வரும் லாரியை, புதருக்குள் துப்பாக்கியோடு படுத்திருப்பவன் யாருடைய லாரியாகப் பார்ப்பான்? அதனால்தான் போர்ச் சூழலுக்கென்று 2003இல் தனியாக வழிகாட்டு நெறிகள் வந்தன. அவை ஓஸ்லோ நெறிகளைவிடக் கடுமையானவை. போரில் ஈடுபட்டிருக்கும் தரப்பின் ராணுவ வளத்தை நிவாரணத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதே அவற்றின் பொது விதி.

ராணுவத்துக்கும் நிவாரணத்துக்கும் நடுவே இருக்கும் இந்தக் கோடு அழியும்போது என்ன ஆகும் என்பதை ஆப்கானிஸ்தானில் உலகம் பார்த்தது. 2001 அக்டோபரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த கொலின் பவல், தொண்டு நிறுவனங்களைத் தங்கள் படையின் பலத்தைப் பெருக்குபவர்கள் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். அதற்கடுத்த ஆண்டு, வெளிநாட்டு வீரர்கள் சீருடை இல்லாமல், நிவாரண அமைப்புகளுடையதைப் போன்ற வெள்ளை வண்டிகளில் போய் உதவி வேலைகள் செய்ததை அமைப்புகள் கண்டித்தன. 2004இல், தாலிபான் பற்றித் தகவல் தந்தால்தான் உதவி தொடரும் என்ற தொனியில் கூட்டுப்படை துண்டுப்பிரசுரம் விநியோகித்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஐந்து பேர் பாத்கிஸ் மாகாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 24 ஆண்டுகளாக அந்த நாட்டில் இருந்த அமைப்பு வெளியேறியது. கொலைக்கு இந்தக் குழப்பம் மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. குற்றவாளிகளை அரசு பிடிக்காததும் அவர்கள் வெளியேற ஒரு காரணம். ஆனால் நிவாரணத்தைப் போர்த் தந்திரமாகப் பயன்படுத்தியதையும் அவர்கள் காரணமாகச் சொன்னார்கள்.

காவலும் சட்டமும்

ராணுவக் காவலோடு போவது சட்டப்படி குற்றமல்ல. ஐநா அமைப்புகளும் பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த நிலைக்குழு 2013இல் இதற்கென்றே நெறிகள் வெளியிட்டது. பொது விதி, ஆயுதக் காவல் வேண்டாம். விதிவிலக்கு, தேவை உயிர்போகும் அளவுக்கு இருந்து, வேறு வழியே இல்லாமல், காவல் இருந்தால் பாதுகாப்பு உண்மையிலேயே கூடும் என்றால் ஏற்கலாம். இவை சட்டமல்ல, வழிகாட்டுதல்தான். "நாங்கள் காவலே எடுப்பதில்லை" என்ற கொள்கையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்வதும் ஆபத்து. 2012இல் கென்யாவின் ததாப் அகதிகள் முகாமில் நார்வே அகதிகள் கவுன்சிலின் வாகன அணி தாக்கப்பட்டு ஊழியர்கள் கடத்தப்பட்டார்கள். அந்த ஊழியர்களில் ஒருவர் தொடுத்த வழக்கில் 2015 நவம்பரில் ஓஸ்லோ மாவட்ட நீதிமன்றம் அமைப்பின் அலட்சியம் கடுமையானது என்று தீர்ப்பளித்து இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அன்று ஆயுதக் காவல் இல்லாமல் போக எடுத்த முடிவும் அந்தத் தவறுகளில் ஒன்றாக எண்ணப்பட்டது. ஆகவே இந்தச் சாலையில், இந்த வாரத்தில் என்ன நிலவரம் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அடுத்து, காவலை ஏற்றால் பாதுகாப்பு போய்விடுமா? போகாது. நீங்கள் சிவிலியன்தான். சண்டையில் நேரடியாகப் பங்கெடுக்காதவரை உங்களைக் குறிவைத்துத் தாக்குவது போர்க்குற்றம். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டம் நிவாரணப் பணியாளரையும் வண்டியையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, உள்நாட்டுப் போருக்கும் அதைப் பொருத்தியிருக்கிறது. ஆனால் உங்கள் முன்னால் போகும் கவச வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது ராணுவ இலக்கு. அதைத் தாக்குபவர்கள் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு அளவுக்கு மீறிய சேதம் வராமல் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த அளவு எது என்று தீர்மானிப்பவன் உங்கள் நலம்விரும்பி அல்ல. சாலையோரக் குண்டுக்கு அந்தக் கணக்குகூடத் தெரியாது.

மூன்று நிபந்தனைகளில் சட்டப்படி மிக மோசமானது மூன்றாவது, அதாவது சீருடை இல்லாத இரண்டு பேருக்கு வண்டியில் இடம். நிவாரண வண்டி படையினரை ஏற்றிச் செல்லும் அந்த நேரத்தில் அதுவே ராணுவ இலக்காக மாறலாம். அவர்கள் அந்த வேடத்தில் எதிரியைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ, அதைச் சட்டம் வஞ்சகம் என்று தடைசெய்கிறது. சட்டத்தை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். ஒரே ஒரு முறை இது நடந்து, ஒரே ஒருவர் பார்த்துவிட்டால், அப்புறம் அந்தச் சாலையில் போகும் எல்லா அமைப்புகளின் எல்லா வண்டிகளும் சந்தேகத்துக்குரியவைதான். 2008இல் கொலம்பியாவில் பிணைக்கைதிகளை மீட்ட நடவடிக்கையில் ஒரு வீரர் செஞ்சிலுவைச் சின்னம் அணிந்திருந்ததை அந்நாட்டு அதிபரே பிறகு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அத்தனை பேர் உயிரோடு மீண்டும்கூட அது இவ்வளவு பெரிய விஷயமானதற்குக் காரணம் இதுதான்.

ஜிபிஎஸ் புள்ளி கொடுத்தால் போதுமா?

இருக்கும் இடத்தையும் போகும் வழியையும் இரு தரப்புக்கும் தெரிவித்தது சரியான வேலை. அதைத் தொடருங்கள். ஆனால் அது கேடயம் என்று நம்பாதீர்கள்.

2015 அக்டோபர் 3 அதிகாலை, ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் எல்லைகளற்ற மருத்துவர்களின் மருத்துவமனையை அமெரிக்கப் போர் விமானம் தாக்கி 42 பேர் இறந்தார்கள். மருத்துவமனை இருக்கும் இடத்தின் புள்ளிகள் சில நாட்களுக்கு முன்புதான் மறுபடியும் அனுப்பப்பட்டிருந்தன. தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே தொலைபேசியில் கூப்பிட்டும் உடனே நிறுத்த முடியவில்லை. தகவல் ராணுவத்திடம் இருந்தது, அந்த விமானத்தில் இருந்தவர்களிடம் போய்ச் சேரவில்லை. 2024 ஏப்ரல் 1 அன்று காஸாவில் வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் அமைப்பின் மூன்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கப்பட்டு ஏழு பேர் இறந்தார்கள். அந்தப் பயணம் இஸ்ரேல் ராணுவத்திடம் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. வண்டிக் கூரையில் சின்னமும் இருந்தது.

ஆகவே தெரிவிக்கும்போது மின்னஞ்சலோடு நிறுத்தாதீர்கள். கிடைத்தது என்று பெயரோடு எழுத்தில் பதில் வாங்குங்கள். பயண நாளில் யாரைக் கூப்பிட்டால் சோதனைச் சாவடி வரைக்கும் சொல் போகும், இரவில் யார் எடுப்பார், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் யார் என்று கேட்டு வையுங்கள். கிளம்புவதற்கு முன் அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: தெரிவிப்பது அனுமதி கேட்பதல்ல. நீங்கள் தெரிவிக்காமல் போனாலும் உங்களைத் தாக்க யாருக்கும் உரிமை வந்துவிடாது. யார் என்று உறுதிசெய்துகொண்டு சுட வேண்டிய கடமை சுடுபவருடையது.

உங்கள் விஷயத்தில் சுட்டது யார் என்றே தெரியவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. வழிப்பறிக்காரர்களா, ஆயுதக் குழுவா, பயத்தில் சுட்ட சாவடிக்காரரா? வழிப்பறி என்றால் காவல் பலன் தரலாம். ஆயுதக் குழு என்றால் காவலே அடுத்த தாக்குதலுக்குக் காரணமாகலாம். சாவடிக்காரர் என்றால் சிக்கலே தளபதியின் ஆட்களிடம்தான் இருக்கிறது. இது தெரியாமல் காவலைப் பற்றி முடிவெடுப்பது நோயைக் கண்டுபிடிக்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமம். தலைமை அலுவலகத்திடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்: அந்தச் சம்பவத்தை யார் விசாரித்தார்கள், என்ன முடிவுக்கு வந்தார்கள்?

பட்டியலை மட்டும் கொடுக்காதீர்கள்

இதில் பேரத்துக்கு இடமே இல்லை. யார் எந்தக் கூடாரத்தில் இருக்கிறார்கள், எந்த வீட்டில் வாலிபர்கள் இருக்கிறார்கள், எந்தக் குடும்பத்தில் ஆண் இல்லை என்பதெல்லாம் உங்கள் பட்டியலில் இருக்கும். ரொட்டிக்காகச் சொன்ன பெயர் கைதுக்குப் பயன்படலாம். அது ஒரு முறை நடந்தால் போதும், அடுத்த முறை தாய்மார்கள் குழந்தையை உங்களிடம் கொண்டுவர மாட்டார்கள்.

2011இல் அபோட்டாபாத்தில் ஒசாமா பின்லேடனைத் தேடிய சிஐஏ, ஒரு மருத்துவர் மூலம் போலியாகத் தடுப்பூசி முகாம் நடத்தியது. அது வெளியே தெரிந்த பிறகு, ஏற்கனவே தடுப்பூசி மேல் சந்தேகம் இருந்த இடங்களில் அந்தச் சந்தேகம் உறுதியானது. 2012 டிசம்பரில் பாகிஸ்தானில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்கள் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இனி தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று அமெரிக்க அரசு 2014இல் அறிவித்தது. அதற்குள் விலை கொடுத்தவர்கள் சொட்டு மருந்துப் பெட்டி தூக்கிய பெண்கள்.

தளபதியிடம் இப்படிச் சொல்லலாம்: "எத்தனை குடும்பம், எத்தனை மூட்டை, எத்தனை மணிக்குப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதெல்லாம் தருகிறோம். பெயர்கள் எங்கள் அமைப்பின் விதிப்படி யாருக்கும் தருவதில்லை, மறுதரப்புக்கும் தருவதில்லை." கடைசி வாக்கியத்தைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவர் மிரட்டினால் நீங்கள் தனியாக நின்று பதில் சொல்லாதீர்கள். நாட்டு இயக்குநரையும், ஐநா மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகத்தில் ராணுவத் தொடர்புக்கென்று இருக்கும் அலுவலரையும் முன்னால் நிறுத்துங்கள். பயண நாளில் அந்தப் பட்டியல் உங்கள் போனிலோ லேப்டாப்பிலோ இருக்கக் கூடாது. சாவடியில் கேட்டால் உங்களிடம் இல்லாததை யாரும் பிடுங்க முடியாது.

படம் எடுப்பதும் சின்ன விஷயமல்ல. துப்பாக்கியோடு வீரர்கள் நிற்கும் வரிசைக்குப் பெண்கள் வரத் தயங்குவார்கள். அந்தப் படம் அன்று மாலையே எல்லோர் போனிலும் இருக்கும், ஆயுதக் குழுவின் போனிலும்தான்.

காவலுக்குப் பதில் என்ன கேட்கலாம்?

நடுநிலை என்றால் ராணுவத்தோடு பேசவே கூடாது என்று உங்கள் சக ஊழியர்கள் சிலர் நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். அது தவறு. பேசித்தான் ஆக வேண்டும். தளபதி உதவ விரும்புகிறார் என்றால் அவருக்கு வேறு வேலை கொடுங்கள். சாலையில் கண்ணிவெடி சோதனை செய்து கொடுக்கட்டும். குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட மணி நேரத்துக்குச் சுடுவதில்லை என்று ஒத்துக்கொள்ளட்டும். எல்லாச் சாவடிக்கும் எழுத்தில் உத்தரவு அனுப்பட்டும். ரோந்து போக வேண்டும் என்றால் உங்கள் லாரிகள் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே போய்த் திரும்பட்டும். உங்களுக்குத் தேவை வழி. காவல் அந்த வழிக்கு ஒரு சாதனம், அவ்வளவுதான்.

மறுதரப்பிடமும் இதையே கேட்க வேண்டும். ஜெனீவா ஒப்பந்தங்கள் நான்குக்கும் பொதுவான 3ஆவது பிரிவு, பாரபட்சமற்ற மனிதாபிமான அமைப்பு சண்டையிடும் எல்லாத் தரப்புக்கும் தன் சேவையை முன்வைக்கலாம் என்கிறது. அதனால் அந்தத் தரப்புக்கு எந்தச் சட்ட அந்தஸ்தும் கூடிவிடாது. ஆனால் எச்சரிக்கை: நீங்கள் இருக்கும் நாட்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இந்தப் பேச்சையே குற்றமாக்கியிருக்கலாம். ஆகவே இதை நீங்களாகச் செய்யாதீர்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு அல்லது ஐநா அலுவலகம் வழியாகப் போகட்டும்.

இன்னொரு பக்கமும் யோசியுங்கள். எத்தனை முறை போகிறீர்கள் என்பதையே குறைக்க முடியாதா? கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள, ஆனால் பசி எடுத்துச் சாப்பிடுகிற, வேறு சிக்கல் இல்லாத குழந்தைக்கு பாக்கெட்டில் வரும் கடலைப் பசை உணவை வீட்டிலேயே கொடுக்கலாம். வாரா வாரம் கொடுப்பதை, நெருக்கடியில் சில வாரங்களுக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கைச்சுற்றளவு நாடாவைத் தாய்மாரிடமே கொடுத்து அளக்கப் பழக்கியிருக்கிறார்கள், 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் கடும் குறைபாடு என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். முகாமுக்குள்ளேயே வசிக்கும் சுகாதாரப் பணியாளர்களிடம் இருப்பு வைக்க முடியுமா என்று உங்கள் மருத்துவக் குழுவிடம் கேளுங்கள். நான்கு பயணம் ஒன்றாகக் குறைந்தால் ஆபத்தும் அந்த அளவுக்குக் குறையும்.

ஆனால் உங்கள் ஆபத்தைத் தூக்கி ஒரு சின்ன உள்ளூர் அமைப்பின் தலையில் வைத்துவிட்டு அதை மாற்று வழி என்று அழைக்காதீர்கள். தலைமை அலுவலகங்களுக்கு இந்த யோசனை மிகவும் பிடிக்கும். பணம் போகும் இடத்துக்குக் காப்பீடும் வாக்கி-டாக்கியும் பயிற்சியும் போகிறதா என்று பாருங்கள். 2006 ஆகஸ்டில் இலங்கையின் மூதூரில் பசிக்கு எதிரான நடவடிக்கை அமைப்பின் அலுவலகத்தில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அத்தனை பேரும் உள்ளூர் ஊழியர்கள். அமைப்பின் பெயர் போட்ட சட்டை அவர்களைக் காப்பாற்றவில்லை. இதுவரை யாரும் தண்டிக்கப்படவும் இல்லை. ஐநாவின் கணக்குப்படி 2024இல் உலகம் முழுக்க 383 நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள், அதுவரை எந்த ஆண்டிலும் இல்லாத எண்ணிக்கை. அவர்களில் பெரும்பாலோர் தங்கள் சொந்த ஊரில், சொந்த மக்களுக்காக வேலை பார்த்தவர்கள். உங்கள் ஓட்டுநர்கள் மறுப்பதை ஒத்துழையாமை என்று அறிக்கையில் எழுதாதீர்கள். அந்தச் சாலையை உங்களைவிட, தளபதியைவிட, தலைமை அலுவலகத்தைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள். காவலோடு போய்விட்டு அன்றிரவு அதே ஊரில் அவர்கள்தான் தூங்க வேண்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் காரணம் கேளுங்கள். மேலாளர் முன்னால் கூட்டமாகக் கேட்டால் உண்மை வராது.

எல்லாம் தோற்று, குழந்தைகள் இறக்கும் நிலை வந்து, காவலோடு ஒரு முறை போவது என்று முடிவானால், கீழே உள்ளவை எழுத்தில் இருக்கட்டும்:

உங்கள் வண்டியில் படையினரோ ஆயுதமோ ஏறக் கூடாது. ராணுவ வண்டிக்கும் உங்கள் லாரிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது முன்கூட்டியே பேசப்பட வேண்டும். முகாமுக்கு வெகு முன்பே காவல் நின்றுவிட வேண்டும். முகாம் மக்களிடமும், முடிந்தால் மறுதரப்பிடமும், இது ஏன் என்று முன்பே சொல்ல வேண்டும். அதே சாலையில் போகும் மற்ற அமைப்புகளிடம் பேசி ஒரே முடிவாக எடுக்க வேண்டும். நீங்கள் காவலோடு போன மறுநாள் காவலில்லாமல் போகும் அடுத்த அமைப்பின் வண்டிதான் சுலபமான இலக்கு. முக்கியமாக, எப்போது நிறுத்துவோம் என்ற தேதி வேண்டும். அது இல்லாமல் ஆரம்பித்த காவல் நிரந்தரமாகிவிடும்.

மறுத்தால் வேலை போகுமா?

உங்கள் ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதைப் பொறுத்தது, அதை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பொதுவாகச் சொன்னால், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆவது உடன்படிக்கை, உயிருக்கு உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2022இல் இது அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாக்கப்பட்டது. நான் மேலே சொன்ன ஓஸ்லோ தீர்ப்பைத் தலைமை அலுவலகத்தின் சட்டப் பிரிவு நிச்சயம் அறிந்திருக்கும்.

"முடியாது" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். சம்பவ விசாரணையின் முடிவு, புதிய ஆபத்து மதிப்பீடு, தளபதியின் மூன்று நிபந்தனைகள், நீங்கள் முன்வைக்கும் மாற்று வழிகள், ஓட்டுநர்கள் சொன்ன காரணங்கள் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் வையுங்கள். கடைசியில், "இதற்கு மேலும் போகச் சொன்னால் அந்த உத்தரவைப் பெயரோடு எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். வாய்மொழியில் அழுத்தம் கொடுப்பவர்கள் எழுத்தில் கொடுக்கத் தயங்குவார்கள். நன்கொடையாளர் திட்டத்தை மூடுவார் என்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அவர் உண்மையில் என்ன எழுதினார் என்று பார்க்கக் கேளுங்கள். பாதுகாப்புக் காரணத்தால் வேலையை நிறுத்திவைக்கவும், செலவு கூட்டாமல் காலத்தை நீட்டிக்கவும் பெரும்பாலான மானிய ஒப்பந்தங்களில் வழி இருக்கும்.

இறந்த இருவரைப் பற்றி

அந்த வண்டியைக் கழுவவோ பழுதுபார்க்கவோ விடாதீர்கள். குண்டு துளைத்த இடங்களைப் படமெடுத்து, பயணப் பதிவேடு, அன்றைய அழைப்புகளின் விவரம், பார்த்தவர்கள் யார் யார் என்பதையெல்லாம் நாட்டுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். 2024 மே மாதம் ஐநா பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 2730ஆவது தீர்மானம், இப்படிப்பட்ட தாக்குதல்களை விசாரித்துக் குற்றவாளிகளைத் தண்டிக்கும்படி நாடுகளைக் கேட்கிறது. அந்த நாட்டு அரசு இன்று விசாரிக்காமல் போகலாம். ஆனால் போர்க்குற்றத்துக்குக் காலக்கெடு கிடையாது என்பதை ரோம் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. சாட்சியம் அழியாமல் இருந்தால்தான் அதற்குப் பொருள்.

இரண்டு குடும்பங்களுக்கும் காப்பீட்டுத் தொகை போய்ச் சேர்ந்ததா என்று கடிதத்தில் எழுதவில்லை. வெளிநாட்டு ஊழியர்களுக்கும் உள்ளூர் ஊழியர்களுக்கும் வேறு வேறு காப்பீடு வைத்திருக்கும் அமைப்புகள் உண்டு. பாலிசியை நேரில் வாங்கிப் படியுங்கள். போர், ஆயுதத் தாக்குதல் விலக்கப்பட்டிருக்கிறதா, மனைவி மக்கள் விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது என்று பாருங்கள். அந்தத் தேதி நெருங்கியிருந்தால், எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்பு அந்த விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.